ஏடும் வீடும்

(வானொலி இலக்கிய உரைத்தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்துவடிவம்)



இலக்கிய உரைத்தொடர் ஒன்றிலே பழைய வீட்டைத் திருத்துவது பற்றி ஒரு தமிழாசிரியர் பேசுவதா, அதற்கு மேசன்மாரும் தச்சர்களும் இருக்கிறார்களே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணம் நியாயமானதே. ஆயினும் இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்த ஊருக்குள் நுழைந்தாலும், ஏதோ ஒரு பழைய வீட்டின் முன்னால் மணலும் கல்லும் குவிந்து கிடக்கக் காண்கிறோம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். இங்கே பெற்றோரோ சகோதரரோ நின்று வேலை செய்விக்கிறார்கள். சுவர் விழுகிறது, சுவர் எழுகிறது. சுவரோடு சேர்ந்து சில சொற்களும் விழுகின்றன என்பதைத்தான் ஒரு தமிழாசிரியனால் கவனியாமல் இருக்க முடியவில்லை.

சில காலத்துக்கு முன் எனது வகுப்பில், சங்கடப்படலை என்றால் என்ன என்று கேட்டேன். "சங்கடம் வந்தால் பூட்டுற படலையோ சேர்?" என்றான் ஒரு மாணவன். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன்மீது குறை சொல்ல முடியாது. அவன் சங்கடப்படலையைக் கண்டதில்லை. வேலியின் நடுவே, மேலே சிறு கூரை வேய்ந்து, இருபுறமும் அமர்வதற்குத் திண்ணை வைத்து, தெருவால் போகிறவன் மழைக்கும் வெய்யிலுக்கும் ஒதுங்கி, வைத்திருக்கும் மண்பானையில் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டுப் போகட்டும் என்று கட்டப்பட்ட படலை அது. பூட்டுவதற்காக அன்று, ஒதுங்குவதற்காகவே அது எழுந்தது. பொருள் போனபின் சொல் எவ்வாறு தலைகீழாகிவிடுகிறது என்பதற்கு அந்த மாணவனின் விடையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுச் சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த மண்ணின் வரலாறே படிப்படியாகத் தெரியும். யன்னல், அலுமாரி, மேசை, கதிரை, குசினி, விறாந்தை ஆகிய யாவும் 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் மொழிவழி வந்தவை. 1658இல் அவர்களை வென்று வந்த ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்களுள் ஒன்று, சபையிற் சொல்லக் கூச்சமாயினும், கக்கூசு. தமிழகத்தார் சாவி என்று போர்த்துக்கேயச் சொல்லைச் சொல்ல, நாம் மட்டும் திறப்பு என்று தூய தமிழிலே சொல்கிறோம். யன்னலுக்கு நம் பழந்தமிழில் காலதர் என்றொரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. யன்னல் எதற்காக இருக்கிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. குளிரூட்டி பொருத்தி, அசையாத கண்ணாடியால் அடைத்துவிட்ட துவாரத்தைக் காலதர் என்று எவ்வாறு அழைப்பது?

நம் இலக்கியத்தில் வீடு வெறும் பின்னணியாக நிற்பதில்லை. பத்துப்பாட்டிலே நக்கீரரின் நெடுநல்வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிவால் வருந்தும் அரசியைக் காட்டவந்த புலவர், அவள் இருக்கும் மாளிகையை எவ்வாறு கட்டினார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறார். நட்ட கோலின் நிழலைக் கொண்டு திசையறிந்ததையும், கயிறு பிடித்து அளந்து மனை வகுத்ததையும், நிலைக்கு வெண்சிறுகடுகு அப்பி நெய் பூசியதையும், வெளியிலிருந்து மணல் கொணர்ந்து முற்றத்திற் பரப்பியதையும் சொல்கிறார். நம் ஊர்களில் வீடு கட்டுமுன் 'நிலையம் எடுத்தல்' என்று ஒரு சடங்கு இன்றும் உண்டு. அதே கோல், அதே கயிறு. முற்றத்துக்கு வெண்மணல் பரப்பும் வழக்கமும் நம் பாட்டிமார் காலம் வரை இருந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் ஒன்று, ஏட்டிலும் இருக்கிறது, வீட்டிலும் இருக்கிறது. ஏட்டில் இருப்பதைப் பரீட்சைக்குப் படிக்கிறோம். வீட்டில் இருப்பதைப் படிக்கிறோமா என்பதே இன்றைய எனது கேள்வி.

எங்கள் வீடு கோண்டாவிலில் உள்ள ஒரு நாற்சார் வீடு. நாற்புறமும் தாழ்வாரம் சூழ, நடுவே வானம் பார்த்த முற்றம். முன்புறம் தலைவாசல், ஒரு பக்கம் சுவாமி அறையும் படுக்கை அறைகளும், மறுபக்கம் நெல்லும் சாமானும் வைக்கும் அறை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் கிணற்றடி. இது அழகுக்காக வகுக்கப்பட்ட அமைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது ஓர் இயந்திரம் போன்றது. பகலில் முற்றத்துக் காற்று சூடேறி மேலெழும். அந்த இடத்தை நிரப்பத் தலைவாசலாலும் யன்னல்களாலும் நிழற்பக்கத்துக் காற்று உள்ளே வரும். விசிறி இல்லாத காலத்தில் வீட்டுக்கு விசிறி முற்றமே. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே குடாநாட்டுக்கு முக்கிய நீர்வரவு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நமக்கு இல்லை. நான்கு கூரைகளின் தண்ணீரும் பீலிவழியே முற்றத்தில் விழுந்து, நிலத்தில் இறங்கி, கீழேயுள்ள சுண்ணக்கல்லின் இடுக்குகளிற் சேர்ந்து, நம் கிணற்றுக்கே திரும்பி வரும்.

வீட்டின் கட்டுமானமும் இந்த மண்ணிலிருந்தே வந்தது. சுவர் சுண்ணக்கல், சாந்து, சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பும் மணலும். கூரைக்குப் பனை வளையும் பனஞ்சிலாகையும். வைரமேறிய பனையில் கறையான் எளிதில் வாய்வைக்காது. கடல் கடந்து வந்தது ஓடு மட்டுந்தான். எங்கள் வீட்டின் ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் மங்களூர் என்று பொறித்திருக்கும். பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழியில் அந்தக் கரையெங்கும் எழுந்த தொழிற்சாலைகளின் ஓடுகள், இங்கே பல ஊர்களில் கிடுகுக் கூரையின் இடத்தைப் பிடித்தன.

பிறகு சீமெந்து வந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் சுண்ணாம்புச் சாந்து கிழவர்களின் வித்தையாகிவிட்டது. 1990இல் போரினால் அத்தொழிற்சாலை நின்றது. தொடர்ந்த ஆண்டுகளில் குடாநாட்டுக்குச் சீமெந்து வருவது தடைப்பட்டிருந்தது. வெடித்த சுவரை மண்ணால் பூசினோம். உடைந்த ஓட்டுக்குப் பதிலாகக் கிடுகைச் செருகினோம். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமமே எழுந்து நடந்தபோது எனக்கு 16 வயது. கதவைப் பூட்டித் திறப்பை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டா. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது, பூட்டு அப்படியே இருந்தது. மேற்குப் பக்கத்துக் கூரைதான் இல்லை. எறிகணை ஒன்று அடுப்படியையும் அதையொட்டிய தாழ்வாரத்தையும் கொண்டுபோயிருந்தது. அந்தப் பகுதிக்கு அஸ்பெஸ்ரஸ் தகடு போட்டார் ஐயா. 2002இல் பாதை திறந்து சீமெந்து தாராளமாக வந்தபோது, சுவரெங்கும் சீமெந்து பூசுவித்தார். அதன்பின் சில ஆண்டுகளில் அவரும் போய்விட்டார்.

இப்படி எங்கள் வீட்டிலே ஓர் ஏட்டுச்சுவடியில் இருப்பது போலவே எல்லாம் இருந்தன. மூலம் இருந்தது. சிதைவு இருந்தது. இடைச்செருகலும் இருந்தது.

இங்கேதான் எனக்குச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் நினைவு வந்தது. 1832இல் பிறந்து 1901இல் மறைந்த அப்பெருமகன், செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து வீரசோழியத்தையும் கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் அச்சில் ஏற்றினார். அவரது கலித்தொகைப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. அதே ஆண்டிலே உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. பதிப்பாசிரியரின் வேலை என்ன? முதலில் ஏட்டைப் படிக்க வேண்டும். புரிகிற இடத்தை மட்டுமன்றிப் புரியாத இடத்தையும் பொறுமையோடு படிக்க வேண்டும். மூலம் எது, பின்வந்தவர் சேர்த்தது எது என்று பிரித்தறிய வேண்டும். அழிந்த அடிக்குப் பதிலாகத் தன் அடியை எழுதிவிட்டு அது மூலமென்று சொல்லக்கூடாது. நீக்குவதை நீக்கினாலும், நீக்கியதை அடிக்குறிப்பில் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நூல் வாசிக்கப்படுவதற்காகவே பதிப்பிக்கப்படுகிறது. பெட்டியிற் பூட்டி வைப்பதற்காக அல்ல.

பழைய வீட்டைத் திருத்துகிறவரும் ஒரு பதிப்பாசிரியரே என்பது என் கருத்து. இதை எனக்கு விளங்க வைத்தவர்கள் மூவர். ஒருவர் என் அக்கா, மற்றவர் என் அம்மா, மூன்றாமவர் எங்கள் மேசன்.

வீடு சட்டப்படி அக்காவுடையது. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகுக்கிறது. சீதனம் பெண்வழி செல்வது. இந்த வீடு அம்மம்மாவின் சீதனம், பின் அம்மாவின் சீதனம், இப்போது அக்காவின் சீதனம். அக்கா ரொறன்ரோவில் இருக்கிறார். வீட்டில் இருப்பது அம்மாவும் என் குடும்பமும். உறுதி ஒருவரிடம், திறப்பு இன்னொருவரிடம். போருக்குப் பிந்திய யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளின் நிலை இதுவே.

2023இல் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அக்கா பிள்ளைகளோடு வந்தார். அந்தச் சில வாரங்களுக்குள் ஒருநாள் பெருமழை பெய்தது. கிணற்றடிப் பக்கம் போய்வந்த அம்மா தாழ்வாரத்தில் வழுக்கி, தூணைப் பிடித்துத் தப்பினா. அன்றிரவே அக்கா ஒரு வரைபடத்தை எடுத்து வைத்தார். முற்றத்துக்கு மேல் கொங்கிறீற் தட்டு; அதற்குமேல் இரண்டு அறைகள்; கீழே முழுவதும் ரைல்ஸ்; யன்னல்களுக்கு அலுமினியம்.

நான் முற்றத்தின் பெருமையைச் சொல்லத் தொடங்கினேன். அக்கா பொறுமையோடு கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, நீ சொல்லுறது எல்லாம் சரி. ஆனா நான் அங்கை இருந்துகொண்டு ஒவ்வொரு மழைக்கும் அம்மா விழுந்திட்டாவோ எண்டு நினைச்சுக்கொண்டிருக்கேலாது. உன்ரை நாற்சார் வீட்டாலை அம்மாவின்ரை இடுப்பெலும்பு உடையக்கூடாது."

அதற்கு மறுமொழி என்னிடம் இல்லை. அப்போது அம்மா வாய் திறந்தா.

"தம்பி, உனக்கு இது படிக்கிற வீடு. அக்காவுக்கு இது வந்துபோற வீடு. எனக்குத்தான் இது நடக்கிற வீடு. என்னை ஒருதரும் கேக்கேல்லை."

கேட்டோம். அம்மாவின் விருப்பங்கள் நான்கு. தன் அறையோடு ஒரு குளியலறை வேண்டும். தாழ்வாரத்தில் பிடித்து நடக்கக் கம்பி வேண்டும். அடுப்படிக்கு இறங்கும் இரண்டு படியும் போக வேண்டும். நான்காவது, முற்றத்தை மூடக்கூடாது.

"ஏன் அம்மா?" என்று கேட்டார் அக்கா.

"வெய்யில் கிழக்குத் தூணடிக்கு வந்தால் எனக்கு மருந்து குடிக்கிற நேரம். முற்றத்தை மூடினால் எனக்கு நேரம் எப்பிடித் தெரியும்? மிளகாயையும் ஒடியலையும் நான் எங்கை காயவைக்கிறது, உங்கடை மேல்மாடியிலையோ?"

சுவரில் மணிக்கூடு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அம்மா அதைப் பார்ப்பதில்லை. நெடுநல்வாடையில் கோலின் நிழல் பார்த்துத் திசையறிந்தவர்களைப் பற்றி இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவருகிறேன். தூணின் நிழல் பார்த்துக் காலமறிகிற ஒருவர் என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். அக்காவும் அதன்பின் தட்டுப் போடும் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் வந்தால் தங்க இடம் வேண்டும் என்றார். அதுவும் நியாயமே. பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் கொங்கிறீற்றின் பாரத்தை ஏற்றாமல், வளவின் பின்புறம் மாட்டுக்கொட்டில் நின்ற இடத்தில் இரண்டு அறைகள் கட்டுவது என்று முடிவாயிற்று.

வேலைக்கு வந்த மேசன் எழுபதைக் கடந்தவர். வந்தவுடன் அளவு நாடாவை எடுக்கவில்லை. சுவரை விரல் மொழியால் தட்டித் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். முழங்கால் உயரம்வரை சீமெந்துப் பூச்சு பொருமி, உப்புப் பூத்து, ஓசை வெறுமையாகக் கேட்டது.

"மாஸ்டர், இது மூச்சு விடுற சுவர். நிலத்து ஈரத்தைக் குடிக்கும், வெளியிலை விடும். சீமெந்தைப் பூசி அதின்ரை மூக்கைப் பொத்திப்போட்டியள். ஈரம் எங்கை போறது?" என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒரு பொறியியலாளராலும் சொல்ல முடியாது. சுண்ணாம்புச் சாந்தில் நுண்துளைகள் உண்டு. சுவரின் ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிப் போகும். சீமெந்துப் பூச்சு அவ்வழியை அடைக்கிறது. அடைபட்ட ஈரம் சுவருக்குள் மேலேறி, தன்னோடு வந்த உப்பைப் பூச்சின் பின்னால் விட, உப்பு பளிங்காகி விரிந்து பூச்சைத் தள்ளுகிறது. அதற்குமேல் பிளாஸ்ரிக் வகை வர்ணம் பூசினால் கேடு இரட்டிப்பாகும். ஆகவே சீமெந்துப் பூச்சைச் சுரண்டி எடுத்து, சுவரை உலரவிட்டு, மீண்டும் சுண்ணாம்புச் சாந்து பூசுவித்தோம். சுண்ணாம்பை நீற்றிக் கிழமைக்கணக்கில் ஊறவிட்டார் மேசன். கடுக்காய் ஊறிய நீரும் பனங்கட்டித் தண்ணீரும் சேர்த்தார். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு. சுவரடியில் மட்டும் ஒரு சாண் காவி. வீட்டுக்கு நாங்கள் செய்த அலங்காரம் அவ்வளவே. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகுகிறது. அவசரக்காரருக்கு ஏற்ற சாந்து அன்று.

ஐயா போட்ட அஸ்பெஸ்ரஸ் ஓர் இடைச்செருகல். அது காலத்தின் கட்டாயத்தால் வந்தது. அதைப் பழிப்பது நன்றியில்லாத செயல். இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக எங்களை நனையாமல் காத்தது அதுவே. ஆனால் அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. உடைக்காமல், அறுக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முழுத் தகடுகளாகவே கழற்றுவித்தோம். அந்த இடத்துக்குப் பழைய ஓடு போதவில்லை. பழையதுபோற் காட்டப் புதிய ஓட்டுக்குக் கருமை பூசலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். எறிகணை விழுந்த இடம் எதுவென்று கூரையின் நிறமே சொல்லட்டும். அழிந்த அடியைத் தான் எழுதிவிட்டு மூலமென்று சாதிக்கிற பதிப்பாசிரியனாக நான் இருக்க விரும்பவில்லை.

குளியலறையே பெரிய ஆலோசனைக்கு உரியதாயிற்று. நம் நிலத்தடிச் சுண்ணக்கல் நல்ல நீரையும் கொண்டுவரும், கழிவையும் கொண்டுவரும். மலக்குழியிலிருந்து கசிவது அயல் கிணறுகளிற் போய்ச் சேர்கிறது என்பது குடாநாடு முழுவதற்கும் உரிய பிரச்சினை. ஆகவே அடியும் பக்கமும் மூடிய தொட்டியாக, எங்கள் கிணற்றுக்கும் அயலவர் கிணற்றுக்கும் இயன்றளவு தொலைவாக வைத்தோம். முற்றத்துக்கு மேல் கள்வருக்குப் பயந்து கம்பிவலை போட்டோம். நுளம்பு பெருகாதபடி தண்ணீர் தேங்காத சாய்வு கொடுத்து, மழைநீரைத் தெருவுக்கு விடாமல் வளவுக்குள்ளேயே நிலத்தில் இறங்கவிட்டோம். தாழ்வாரத்துச் சிவப்புச் சீமெந்துத் தரையை உடைக்கவில்லை. வழுக்கும் இடங்களில் மாத்திரம் சொரசொரப்பாகக் கொத்துவித்தோம். தாழ்வாரக் கம்பியை அம்மாவே நின்று, தன் கைக்கு எட்டும் உயரத்தைக் காட்டிப் பொருத்துவித்தா. அளவு நாடாவுக்கு அங்கே வேலையில்லாமற் போயிற்று.

நேயர்களே, இதுவரை சொன்னதெல்லாம் எளிதான பகுதி. இனிச் சொல்வது அப்படியன்று.

பழைய வீடுகளைப் பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் ஏக்கத்தோடு எழுதுகிறோம். அது ஒரு பக்கந்தான். அந்த வீடுகள் யாரை எந்த இடம்வரை வரவிட்டன என்பது மறுபக்கம். தலைவாசலும் திண்ணையும் முற்றமும் கோடிப்புறமும் காற்றுக்கும் வெய்யிலுக்கும் மட்டும் வகுக்கப்படவில்லை, சாதிக்கும் வகுக்கப்பட்டன. கே. டானியலின் பஞ்சமர் நாவல் 1972இல் வெளிவந்தது. அதைப் படித்தவர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1960களின் பிற்பகுதியில் ஆலயங்களுக்குள்ளும் தேநீர்க் கடைகளுக்குள்ளும் செல்லும் உரிமைக்காக இந்த மண்ணிலே மனிதர் போராட வேண்டியிருந்தது. கோயிலுக்கும் கடைக்கும் கதவு இருந்ததுபோல், வீட்டுக்கும் இருந்தது.

எங்கள் வீட்டின் கோடிப்புறச் சுவரில், அடுப்படிக்கு வெளியே ஒரு சிறு மாடம் இருந்தது. விளக்கு மாடம் என்றே நான் நினைத்து வந்தேன். பழைய பூச்சைச் சுரண்டிக்கொண்டு வந்த மேசன், அவ்விடத்துக்கு வந்ததும் கரண்டியை வைத்துவிட்டுச் சற்று நேரம் நின்றார்.

"மாஸ்டர், என்ரை அப்பு தை பிறக்க முன்னம் இந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வாறவர். நானும் சின்னப் பொடியனாய் வாளி தூக்கிக்கொண்டு வருவன். எங்களுக்குத் தண்ணி குடிக்கிற தகரப்பேணி உதுக்குள்ளைதான் இருந்தது. அப்பு வீடு முழுக்க வெள்ளை அடிப்பார். அடிச்சு முடிஞ்சால் பிறகு உள்ளுக்கை போகேலாது."

கோபமாகச் சொல்லவில்லை. சுவரின் ஈரத்தைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஓம், உண்மைதான். அந்தப் பேணி எனக்கும் ஞாபகம்" என்றா. இல்லை என்று சொல்லாமல் விட்டதே அன்று பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றியது.

மாடத்தை என்ன செய்வது? பதிப்பாசிரியன் என்ற முறையில் எனக்கு இரு மனம். இருந்தது இருந்தபடி நிற்கட்டும், வரும் தலைமுறை பார்த்து அறியட்டும் என்று ஒரு மனம். ஆனால் அது என் பாடம் அன்று. அதன் வலி என் வலியும் அன்று. அதை வைப்பதா நீக்குவதா என்று சொல்லும் உரிமை அந்தச் சுவரின்முன் நின்ற இன்னொருவருக்கே இருந்தது. அவரிடமே கேட்டேன்.

"அடைச்சு விடுவம் மாஸ்டர். என்ரை பேரப்பிள்ளையளும் இந்த வேலைக்கு வருவினம். உதைப் பாத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டாம்" என்றார்.

அவரே கல் வைத்து அடைத்தார், அவரே பூசினார். இன்று அவ்விடம் தெரியாது. ஆனால் நான் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டின் வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்து, என்ன இருந்தது, யாருக்காக இருந்தது, யார் சொல்லி அடைத்தோம் என்று எழுதி உறுதியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். மூலத்திலிருந்து நீக்கியதை அடிக்குறிப்பில் சொல்ல வேண்டும் என்பதல்லவா பதிப்பு நெறி? பால் காய்ச்சிய அன்று மேசனும் அவரது ஆட்களும் தலைவாசலில் முதற் பந்தியில் இருந்தார்கள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து, தன் கையால் முதற் சோறு வைத்தா.

வீடு திருத்தவிருக்கும் நேயர்களுக்கு என் வேண்டுகோள் சிலவே. கூலிக்கு ஆள் பிடிக்குமுன் வீட்டைப் படியுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் பொறுத்திருந்து, வெய்யில் எங்கே விழுகிறது, தண்ணீர் எங்கே ஓடுகிறது, காற்று எவ்வழி வருகிறது என்று பாருங்கள். இடிக்குமுன் ஒவ்வொரு பகுதியையும் படம்பிடித்து, வீட்டில் மூத்தவர்களிடம் அதன் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். தூரத்திலிருந்து பணம் அனுப்புகிற பிள்ளையின் பயத்தையும் கேளுங்கள். அந்த வீட்டில் நாள்தோறும் நடக்கிறவரின் காலையும் கேளுங்கள். அந்த வீட்டுக்குள் ஒருகாலத்தில் வரமுடியாதிருந்தவர் உங்கள் முற்றத்திலேயே வேலை செய்துகொண்டிருக்கக்கூடும்; அவரிடமும் கேளுங்கள்.

முடிக்குமுன் இலக்கண ஆசிரியனுக்குரிய ஒரு சொல். வீடு என்பது விடு என்ற வினையடியிலிருந்து பிறந்தது. படு என்பது பாடு ஆவதுபோல, சுடு என்பது சூடு ஆவதுபோல, விடு என்பது நீண்டு வீடு ஆயிற்று. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர் இலக்கணகாரர். அதனால்தான் குடியிருக்கும் மனைக்கும் வீடு என்றோம், பற்றுகள் எல்லாம் விட்ட நிலைக்கும் வீடு என்றோம். பழைய வீட்டைத் திருத்த முனைகிறவருக்கு இந்தச் சொல்லே போதிய வழிகாட்டி. எல்லாவற்றையும் வைத்திருப்பதும் இலகு. எல்லாவற்றையும் இடிப்பதும் இலகு. எதை விடுவது என்று தெரிந்து விட்டால்தான், எஞ்சுவது வீடாகும்.